தேரியில் வண்டி புதைந்தால்: எடுப்பது எப்படி, ஆள் தேடி நடப்பது எப்படி

புதிதாகக் குட்டியானையோ தோஸ்தோ பொலிரோ பிக்கப்போ என்று ஒரு சின்னச் சரக்கு வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்ட வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். உடன்குடிப் பனைவிளைக்குள் கருப்பட்டி ஏற்ற, களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்ற, மானூர்ப் பக்கம் உளுந்து மூட்டை ஏற்ற, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் வாசலில் பாத்திரம் பண்டம் இறக்க என்று தார் ரோட்டை விட்டு இறங்காமல் இந்தத் தொழில் நடக்காது. இப்போது திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்திருந்தாலும் மண்ணைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே சீமைதான். ஒரே நாளில் செவல் என்ற செம்மண், கரிசல் என்ற கருமண், தேரி என்ற சிவந்த மணல் மேடு மூன்றிலும் டயர் படும். மூன்றும் மூன்று விதமாக வண்டியைப் பிடிக்கும்.

உள்ளே இறங்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். வழியில் கடைசியாக மனுஷரைப் பார்த்த இடம் எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கடை, மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஆட்டுக்கிடை, காற்றாலைக் காவலாளி, எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தைத் தாண்டும்போது கிலோமீட்டர் மீட்டரை ஒரு தடவை பாருங்கள். வண்டி நின்றுபோனால் நீங்கள் நடக்க வேண்டியது அந்த ஆளை நோக்கித்தான். முன்னால் ஊர் இருக்கும் என்று யூகித்து முன்னால் நடப்பதைவிட, பின்னால் ஆள் உண்டு என்று தெரிந்து திரும்பி நடப்பது எப்போதும் பாதுகாப்பு. நான் இங்கே சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

வண்டியில் கிடக்க வேண்டியவை

ஒரு மண்வெட்டி, நாலு வெறும் சாக்கு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடி அகலத்தில் கனத்த பலகை, பத்து மீட்டர் நல்ல வடம், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், காற்றடிக்கக் கால் பம்போ பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசரோ. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். டார்ச், பவர் பேங்க், ஒரு நோட்டும் பேனாவும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, தலைக்குத் துண்டு. பொரிகடலையும் ஒரு வட்டுக் கருப்பட்டியும் இருந்தால் ராத்திரி வரை தாங்கலாம். செருப்போடு வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு ஜோடி பழைய ஷூவைச் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். முள் வெட்ட அரிவாள் வைத்திருக்காதீர்கள். நம் பக்கத்துச் சோதனைச் சாவடியில் அதற்கு நீண்ட விளக்கம் சொல்ல வேண்டிவரும். மரம் அறுக்கும் சின்னக் கைரம்பம் போதும்.

மண்ணைப் பார்த்து இறங்குங்கள்

சந்தேகம் வந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி இருபது எட்டு நடந்து பாருங்கள். குதிகால் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் இறங்கினால் பின்சக்கரம் கண்டிப்பாக இறங்கும்.

கரிசலுக்கு ஒரே விதிதான். மழை பெய்து மேலே பளபளப்பு இருக்கும்வரை உள்ளே போகாதீர்கள். அந்த மண் டயர்ப் பட்டன்களுக்குள் அப்பி, டயரை வழவழவென்று ஆக்கிவிடும். அப்புறம் எத்தனை பட்டன் இருந்தும் பயன் இல்லை. வெயில் அடித்தால் ஒன்றிரண்டு நாளில் இறுகிவிடும். ஒரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை, காத்திருங்கள்.

குளத்துக்குள் இறங்குவது இதைவிட ஏமாற்றும். கோடையில் தண்ணீர் வற்றி மேலே வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடக்கும். அதற்கு ஒரு முழம் கீழே இன்னும் சேறு. வண்டல் ஏற்ற வரும் டிப்பர்கள் இப்படித்தான் அச்சு வரை இறங்குகின்றன. மண்வெட்டிக் காம்பைக் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் திரும்பிவிடுங்கள்.

தேரி வேறு கதை. சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிக்கு இடையே கிடக்கும் அந்தச் சிவந்த மணல் மேடுகளில் ஆனியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று மணலை அள்ளிக்கொண்டே இருக்கும். போன வாரம் இருந்த வண்டித்தடம் இந்த வாரம் இருக்காது. காற்று மோதும் மேற்குச் சரிவில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். காற்று மறையும் கிழக்குச் சரிவில் தளர்ந்து, கால் வைத்தால் சரியும். ஆகவே மேற்கிலிருந்து ஏறி உச்சிக்குப் போய்க் கிழக்கே இறங்கலாம் என்று எண்ணாதீர்கள், இறங்கிய வண்டி அதே வழியில் திரும்ப ஏறாது. விடியற்காலையிலும், ஒரு மழை விழுந்த மறுநாளும் ஈரம் மணலைப் பிடித்து வைத்திருக்கும். உச்சி வெயிலில் அதே இடம் மாவாகிவிடும். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோவிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும்போதும், பங்குனி உத்திரத்தன்று தேரிக்குள் இருக்கும் அய்யனார் கோவில்களிலும் தடத்தைவிட்டு ஒதுங்கி நிறுத்தும் வண்டிகளே அதிகம் புதைகின்றன. முன்னே நிறுத்திய வண்டியின் தடத்திலேயே நிறுத்துங்கள். மூக்கு வெளியே போகும் பக்கம் இருக்கட்டும்.

மறுகால், அதாவது குளம் நிறைந்து வழியும் தண்ணீர், பாயும் ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் நில்லுங்கள், அவ்வளவுதான். முழங்கால் உயர ஓட்டம் சின்ன வண்டியைத் தூக்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, நமக்குக் கை ரேகை மாதிரி தெரிந்த ரோடுகளே இடம் தெரியாமல் போயின. ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குத்தான் வரும். மழை நின்றுவிட்டது என்பதற்காக ஓடையில் தண்ணீர் நின்றுவிடாது.

புதைந்த முதல் ஐந்து நிமிஷம்

ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியே காலை எடுங்கள். புது ஓட்டுநர்கள் செய்யும் சேதமெல்லாம் அதற்கு அடுத்த அரை நிமிஷத்தில்தான் நடக்கிறது. சக்கரம் சும்மா சுழலச் சுழலக் குழி ஆழமாகிறது. அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டால், அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

எஞ்சினை அணைத்து இறங்கி நாலு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். நம் பிக்கப்புகளில் பின்சக்கரம்தான் இழுக்கிறது. அதிலும் ஒரு பக்கம் பிடி விட்டால் அந்தச் சக்கரம் மட்டும் சுழலும், மற்றது சும்மா நிற்கும். எந்தச் சக்கரம் சுழல்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை. அப்படியே புகைக்குழாயையும் பாருங்கள். அது மண்ணில் அடைபட்டிருந்தால் தோண்டித் திறக்காமல் எஞ்சினைப் போட்டு, ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்காரக் கூடாது. அந்தப் புகை உள்ளே வந்தால் மயக்கம் தெரியாமலே ஆள் போய்விடும். கோடையில் காய்ந்த புல்மேல் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள், சூடான குழாய் பட்டுத் தீப்பிடிக்கும்.

எடுக்கும் முறை

வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் முதல் முயற்சி. அந்த மண் ஏற்கெனவே உங்கள் எடையில் அமுங்கியிருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்புறம் மண்ணைச் சரிவாக வெட்டுங்கள். குழியின் சுவரை உடைத்துச் சாய்வாக்கினால்தான் சக்கரம் ஏறும். முன்சக்கரத்துக்கும் இதே வேலை உண்டு. அடிப்பலகை மண்ணில் தட்டி நின்றால் அதையும் தோண்டி விடுங்கள்.

அடுத்து, சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஏதாவது வேண்டும். பனங்காட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. காய்ந்த பனை மட்டையைக் கருக்கு, அதாவது ரம்பப் பல் போன்ற ஓரம், உள்ள பக்கம் கீழே போகும்படி, டயர் ஓடும் திசைக்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்குங்கள். அதன்மேல் ஓலை, அதன்மேல் சாக்கு. கருக்கு கையைக் கிழிக்கும், துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்குங்கள். சாக்கை மட்டும் போட்டால் சக்கரம் அதை இழுத்துப் பின்னால் வீசிவிடும். குளத்துச் சேற்றில் ஓலை போதாது, கல்லும் கட்டையும் வேண்டும். சக்கரத்தைத் தூக்க ஜாக்கி வைக்கும்போது அடியில் பலகை இல்லாவிட்டால் ஜாக்கிதான் கீழே இறங்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள்.

காற்றை இறக்குவது பலருக்கும் தயக்கமாக இருக்கும். மணலில் இதைவிட நல்ல மருந்து கிடையாது. டயர் தட்டையாகி நீளமாகப் படிந்து, எடை பரவுகிறது. காரில் 30 பிஎஸ்ஐ இருந்தால் 18 வரை இறக்கலாம். பிக்கப்பில் லோடை இறக்கிவிட்டு, இருப்பதில் பாதி வரை. லோடோடு இறக்கினால் டயர்ச் சுவர் கிழியும். காற்று இறக்கிய வண்டியை ஆள் ஓடும் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், திடீரென்று ஒடிக்காதீர்கள். தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்பிவிட்டுத்தான் மற்றது.

லோடு விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மணலில் புதைந்தால் லோடை இறக்குங்கள். ஈரச் செவலில் காலி வண்டி வழுக்கிக்கொண்டு நின்றால் கதை தலைகீழ். பின்னால் எடை இல்லாததால்தான் சக்கரம் சுழல்கிறது. தொட்டியின் பின்பக்கம் நாலு மூட்டை மண் ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். எந்த மண்ணானாலும் முதல் கியரில் உறுமாமல், இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு நகர்த்துங்கள். நகரத் தொடங்கினால், கெட்டியான தரை வரும்வரை நிற்காதீர்கள்.

இரண்டு தடவை முழு ஏற்பாட்டோடு முயன்றும் வரவில்லையா? நிறுத்துங்கள். இனி டிராக்டர்தான். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நடப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நடப்பதா, இருப்பதா

முதலில் போன். சிக்னல் இல்லை என்றால் அருகே உள்ள குளத்துக்கரையிலோ மணல் மேட்டிலோ ஏறிப் பாருங்கள். பேச முடியாத சிக்னலிலும் எஸ்எம்எஸ் போய்விடும். உங்கள் சிம்முக்கு டவர் கிடைக்காவிட்டாலும் வேறு கம்பெனி டவர் மூலம் 112 போகக்கூடும், அழைத்துப் பாருங்கள். ஆளுக்கு அடிபட்டிருந்தால் 108. வரைபடத்தில் நீலப் புள்ளி வர நெட் தேவையில்லை. அந்த இடத்தின் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறுப் பக்கம் என்றால் அருகில் உள்ள காற்றாலைத் தூணில் எண் எழுதியிருக்கும். மின்கம்பத்திலும் மோட்டார் ரூம் சுவரிலும்கூட இருக்கும். போனில் அதைச் சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் இடத்தைக் கண்டுபிடித்து வருவார்கள்.

மலைப்பக்கம் என்றால் நடக்காதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காட்டுச் சோதனைச் சாவடிகளுக்கு மேலே இருப்பது புலிகள் காப்பகம். 1988 முதல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து ஒரே காப்பகமாக இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோவில் வழியிலோ மாஞ்சோலை வழியிலோ வண்டி நின்றால் உள்ளேயே இருங்கள். உள்ளே போன வண்டி வெளியே வரவில்லை என்பது சாவடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடிவாரத்துத் தோட்டங்களிலும் மாலை மயங்கியபின் நடை வேண்டாம். கரடியும் காட்டுப்பன்றியும் இறங்கும் நேரம் அது. பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாக வேலியில் கரண்ட் விடுகிறார்கள். கம்பி வேலி எதையும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள்.

சமவெளியிலும் தேரியிலும் நேரம்தான் முடிவு செய்கிறது. காலை பதினொன்றிலிருந்து நாலு வரை, அதுவும் கத்திரி வெயிலில், வண்டியின் நிழலில் படுத்துக் கிடங்கள். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வரை தேவைப்படும். தார் ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் தேரி மணலில் அதில் பாதிதான் நடப்பார். கடைசி ஆள் ஆறு கிலோமீட்டரில் என்றால் இரண்டரை மணி நேரம், இரண்டரை லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்துக் கிளம்புங்கள். இருட்டிவிட்டால், காத்திருக்க முடியாத அவசரம் இல்லாதவரை விடியட்டும். ராத்திரி நடையில் எனக்குப் பாம்பைவிடப் பெரிய பயம் கிணறு. நம் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் ஏராளம். கருவேலம் மூடிக் கிடந்தால் டார்ச் வெளிச்சத்திலும் தெரியாது.

நடக்கும் வழி

கிளம்புவதற்கு முன் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி முன்கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள்: பெயர், போன் எண், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனோம். இருவர் இருந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள், அல்லது ஒருவர் நிழலில் அசையாமல் இருக்கட்டும். வண்டி ஒரு பக்கம், ஆட்கள் இரு பக்கம் என்று சிதறிவிட்டால் தேடி வருபவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வந்த தடத்திலேயே திரும்புங்கள். குறுக்கே போனால் சீக்கிரம் என்று தோன்றும். பனங்காட்டில் எல்லாப் பனையும் ஒன்றுபோல இருக்கும், பத்து நிமிஷத்தில் திசை குழம்பிவிடும். திசைக்கு நமக்கு நல்ல அடையாளங்கள் உண்டு. மேடேறிப் பார்த்தால் மலை தெரியும் பக்கம் மேற்கு. மேல்காற்றுக் காலத்தில் காற்றாலைகள் முகம் காட்டும் பக்கமும் மேற்கு. தடம் அழிந்துபோயிருந்தால் மின்கம்பி வரிசையைப் பிடித்துப் போங்கள், அது மோட்டார் ரூமிலோ ஊரிலோ கொண்டுபோய் விடும். தேரிச் சுற்றில் பனைக்கு மேலே சர்ச் கோபுரம் தெரிந்தால் அங்கே ஊர் இருக்கிறது. ராத்திரி என்றால் டவரின் சிவப்பு விளக்கு, கோவில் கொடை நடக்கும் ஊரின் ரேடியோ செட் சத்தம்.

பனை ஏறும் மாதங்களில், அதாவது பங்குனியிலிருந்து ஆடி வரை, விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை, அதன் புகையைத் தேடுங்கள். காலையில் இறக்கிய பதநீரை மதியம் வரை காய்ச்சுவார்கள். புகை எழுந்தால் அடியில் ஆள் இருக்கிறது என்று நிச்சயம். பெரும்பாலும் அங்கே ஒரு பெண் தனியாக இருப்பார். தூரத்திலேயே நின்று, "அக்கா, வண்டி பொதஞ்சிட்டு, கொஞ்சம் தண்ணி வேணும்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். வயதானவர் என்றால் ஆச்சி. ஆட்டுக்கிடைக்கும் இதே மரியாதை வேண்டும். கிடை நாய்கள் ஓடி வந்தால் ஓடாதீர்கள், நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "அண்ணாச்சி, மேக்க பனைவெளைக்குள்ள பிக்கப்பு பொதஞ்சு கெடக்கு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துல டிராக்டர் வச்சிருக்கிறவுக யாரும் இருக்காகளா?" என்றால் ஒரே மூச்சில் எல்லாம் புரிந்துவிடும். வழி கேட்டால் இடம் வலம் என்று சொல்ல மாட்டார்கள், "தெக்க போயி மேக்க திரும்பு" என்பார்கள். "இந்தா, கூப்பிடுற தூரந்தான்" என்று சொன்னால் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்கலாம். நடந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் கிடத்தி 108க்குச் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் உண்டு. தேரியிலும் காட்டுமேட்டிலும் சுருட்டை விரியன் சருகுக்குள் சுருண்டு கிடக்கும். கல்லையோ மட்டையையோ தூக்குமுன் கம்பால் தட்டுங்கள்.

டிராக்டர் வந்ததும்

கிளம்புவதற்கு முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள். டீசலுக்கும் ஓட்டுகிறவர் பேட்டாவுக்கும் சேர்த்து ஒரு தொகை. ராத்திரி என்றால் கூடத்தான் கேட்பார்கள், அது நியாயம்தான். பலர் காசே வாங்க மாட்டேன் என்பார்கள். அப்போதும் டீசலுக்காவது கொடுத்துவிடுங்கள், அந்தப் பக்கம் அடுத்து மாட்டுகிறவருக்கும் அவர்தான் வர வேண்டும்.

வடத்தைப் பம்பரில் கட்டாதீர்கள், சேசிஸ் கொக்கியில் மாட்டுங்கள். டிராக்டரில் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கட்டையில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கி டிராக்டர் ஓட்டுகிறவர்மேலேயே கவிழும். நடுவடத்தில் ஒரு நனைத்த சாக்கைப் போட்டு வையுங்கள், அறுந்தால் வீச்சுக் குறையும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வடத்தின் நீளத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி நிற்க வையுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். வடம் விறைத்ததும் நிதானமாக இழுக்கச் சொல்லி, நீங்களும் இரண்டாம் கியரில் கூடவே கொடுங்கள்.

வெளியே வந்ததும் டயருக்குக் காற்று அடியுங்கள். ரிம்மிலும் பிரேக்கிலும் அப்பிய மண்ணைக் கழுவி, மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். தோண்டிய குழியை மூடி, மட்டைகளை ஓரமாக எடுத்துப் போடுங்கள், ராத்திரி அந்த வழியே பைக்கில் வருபவர் விழக் கூடாது. அப்புறம் 112, வீடு, முதலாளி என்று உதவிக்குக் கூப்பிட்ட ஒவ்வொருவரையும் மறுபடி அழைத்து, வண்டி வந்துவிட்டது, இனி யாரும் தேடி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.